இரண்டு படைகளும் நான்கு முட்டைகளும்

மணலாற்றின் வடகரைக் காட்டில் யானைகள் வாழ்ந்தன. தென்கரைக் காட்டில் காட்டெருமைகள் வாழ்ந்தன. நடுவில் ஆறு ஓடியவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு கோடையில் ஆறு வற்றிப்போய், நடுவே நீளமான மணல்திட்டு ஒன்று தலைகாட்டியது.

"திட்டு எங்களுடையது!" என்று பிளிறினாள் யானைகளின் தலைவி மதங்கி.

"எங்களுடையது!" என்று முக்காரமிட்டான் காட்டெருமைகளின் தலைவன் திமிலன்.

இரண்டு கரைக்கும் ஒரு மைனாதான் தூது போய்வந்தது. கேட்டதை ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கும். போகிற வழியில் தன் பங்குக்கு இரண்டு சேர்த்தும்விடும். "சாணி மூட்டைகளா!" என்று வடக்கிலிருந்து ஒரு வசவு போனால், "முறக்காது மூடர்களே!" என்று தெற்கிலிருந்து நாலு திரும்பி வரும். மூன்றாம் நாள் பேச்சு முறிந்தது. "நாளை விடிந்ததும் போர்!" என்று இரு கரையும் முழங்கின.

திட்டின் நட்டநடுவே, வெறும் மணலில், துடியாள் என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள்.

"விடிந்தால் எல்லாம் கூழாகிவிடும். நாம் கிளம்பிவிடலாமா?" என்றான் அவள் கணவன்.

"முட்டைக்குக் காலா முளைத்திருக்கிறது? நீ அடைகாத்துக்கொண்டிரு. நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்."

"யாரிடம்?"

"இரண்டு பேரிடமும்!"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். ஆனாலும் பறந்தாள்.

முதலில் வடகரை. மதங்கியின் உடம்பைவிடக் கோபம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"நீ யார் பக்கம்?" என்றாள் மதங்கி.

"என் முட்டைகளின் பக்கம், அம்மா! அவை திட்டின் நடுவில் இருக்கின்றன. நீங்கள் மோதினால் முதலில் சாவது அவைதான். அதனால்தான் வந்தேன்."

மறைக்காமல் சொன்னது மதங்கிக்குப் பிடித்திருந்தது. "சரி, கேள்."

"திட்டு கிடைத்தால் அங்கே என்ன செய்வீர்கள்?"

மதங்கி காதாட்டுவதை நிறுத்தினாள். மூன்று நாளில் இதை யாரும் கேட்கவில்லை. "மணலைத் தோண்டினால் ஊற்று வரும். குட்டிகள் தாகத்தில் துவள்கின்றன. அந்த எருமைகள் வந்தால் குளம்பால் மிதித்து ஊற்றைத் தூர்த்துவிடும். அந்தத் தடித்தலையனிடம் போய்ச் சொல், திட்டில் கால் வைத்தால் குடலை உருவிவிடுவேன் என்று!"

துடியாள் தென்கரைக்குப் பறந்தாள். "ஐயா, யானைக் குட்டிகளுக்குத் தாகம். ஊற்றுக்காகத்தான் திட்டைக் கேட்கிறார்கள்."

திமிலன் சந்தேகமாகப் பார்த்தான். "இவ்வளவுதானா சொன்னாள்?"

"இல்லை, இன்னும் சொன்னார். அது கோபத்தில் வந்த பேச்சு. கனமாக இருந்ததால் வழியிலேயே ஆற்று மணலில் போட்டுவிட்டு வந்தேன். வேண்டுமானால் போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள்!"

எருமைக் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திமிலனின் மீசை மயிரும் லேசாக ஆடியது.

"எங்களுக்கு வேண்டியது தெற்கு முனையில் இருக்கும் உப்பு மண்" என்றான் அவன். "அதை நக்காவிட்டால் கன்று ஈன்ற தாய்களுக்குக் காலில் வலு நிற்காது. யானைகள் நாள் முழுக்கத் திட்டை அடைத்துக்கொண்டு நின்றால் நாங்கள் எங்கே போவது? எங்களுக்கும்தான் தாகம். ஆனால் எருமைக்கு மணல் தோண்டத் தெரியாதே!"

துடியாள் சந்தோஷத்தில் ஒரு குட்டிக்கரணமே போட்டாள். ஒருவருக்கு வேண்டியது தண்ணீர். மற்றவருக்கு வேண்டியது மண். இதற்கா போர்!

அன்று முழுக்க அவள் சிறகு ஓயவில்லை. வடக்கே போவாள், தெற்கே வருவாள். ஒரு வழியாக உடன்பாடு பிறந்தது. காலையில் திட்டு யானைகளுக்கு, மாலையில் எருமைகளுக்கு. தெற்கு முனையில் எருமைகளுக்கென்று யானைகள் ஒரு குழி தோண்டித் தர வேண்டும். மற்ற ஊற்றுகளை எருமைகள் மிதிக்கக் கூடாது. நான்கு முட்டைகளின் பக்கம் யாருமே போகக் கூடாது.

விடிந்தது. இரு படைகளும் ஒருவரையொருவர் இன்னும் முழுதாக நம்பாமல் ஆற்றுமணலில் எதிரெதிரே நின்றன. அங்கேதான் புதுச் சிக்கல் முளைத்தது.

"அவர்கள் முதலில் பின்வாங்கட்டும்!" என்றாள் மதங்கி.

"ஏன், அவர்களுக்குப் பின்னங்கால் இல்லையா?" என்றான் திமிலன்.

துடியாளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடுமோ! சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

"யாரும் முதலில் வேண்டாம்! நான் ஒரு தடவை கத்தினால் இரண்டு பக்கமும் ஓர் அடி. டிட்டிட்டீ!"

இரு பக்கமும் ஓர் அடி பின்னால் போயின.

"டிட்டிட்டீ!" இன்னும் ஓர் அடி.

மலைமலையாய் நின்ற மிருகங்கள் ஒரு குருவியின் குரலுக்குத் தாளம் தப்பாமல் பின்னால் நடந்தன. ஏழாவது அடியில் ஓர் இளம் காளை கல் தடுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. யானைகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டன!

எருமைகளின் கொம்புகள் பாய்வதற்காகத் தாழ்ந்தன.

திமிலன் திரும்பிப் பார்த்தான். அந்தக் காளை கால்களைப் பரப்பிக்கொண்டு திருதிருவென்று விழித்தது. திமிலன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "அடேய், உன்னை நம்பியா நான் போருக்கு வந்தேன்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இரு கரையிலும் எதிரொலித்தது.

அன்றே மதங்கி தன் தும்பிக்கையால் தெற்கு முனையில் குழி தோண்டிக் கொடுத்தாள். மாலையில் எருமைக் கன்றுகள் முட்டி மோதித் தண்ணீர் குடித்தன. மேடான கரையில் நின்று மதங்கியும் திமிலனும் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று துடியாளுக்குத் தெரியாது. அவள் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

ஆடியில் வெள்ளம் வந்து திட்டை மூடியது. அதற்குள் நான்கு முட்டைகளும் பொரிந்து குஞ்சுகள் பறந்துபோயிருந்தன. அடுத்த கோடையில் அது மறுபடி தலைகாட்டியபோது, இரு கூட்டமும் காலை எடுத்து வைக்குமுன் துடியாளைக் கூப்பிட்டனுப்பின.

எதிரி என்ன கேட்கிறான் என்பதோடு நிற்காமல், ஏன் கேட்கிறான் என்றும் பொறுமையாகக் கேட்டறிந்தால், போர்க்களத்திலும் சமாதானத்துக்கு வழி பிறக்கும்.