மூன்று செகண்ட்

"செண்பகவல்லி எழுதின புரோகிராமை நிறுத்திடுங்க. இன்னைக்கே."

மேசைக்கு முன்னால் வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்னவன் தவசிமுத்து. கேட்டுக்கொண்டிருந்தவள் ரெஜினா.

ரெஜினா அவனைவிட நாலு வயது இளையவள். ஆனால் நாகர்கோவிலில் அந்தச் சின்ன ஆபீசில் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அவர்களுடைய வேலை இதுதான். கடலில் காற்று கூடினால், படகுக்காரர்களின் ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அதற்கென்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் பூட்டி வைத்துக் காவல் காக்கவில்லை. புரோகிராமை எழுதி கிளவுடில், அதாவது எங்கோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டரில், போட்டுவிட்டார்கள். கூப்பிட்டால் எழும்பும். வேலையை முடிக்கும். மறுபடி படுத்துக்கொள்ளும்.

எத்தனை எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்று ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு காட்டும். யாருடைய புரோகிராம் எத்தனை, எவ்வளவு வேகம், எல்லாம் அதில் வரும். அந்த போர்டை மாட்டியவன் நன்றாக இருக்கட்டும். தவசியின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

"நேத்து எனக்கு முந்நூத்திப் பன்னிரண்டு. அவளுக்கு ஆயிரத்து நூத்தியாறு" என்றான் தவசி.

"வேகத்துல நீங்கதானே முதல்?"

"வேகத்தை வச்சு என்ன செய்ய? வர்ற வேலையில முக்காவாசியை அவளுக்குத் திருப்பி விட்டுட்டீங்க. அவ நேத்து வந்தவ."

"நான் எதையும் திருப்பி விடலையே, அண்ணே."

"அப்ப அவளுக்கு எப்படி அவ்வளவு வருது?"

ரெஜினா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"அவ எழுதினதைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"அதை நான் எதுக்குப் படிக்கணும்?"

சொல்லும்போதே தவசிக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பொறாமைதான். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த பெண் அவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் மூக்கு முட்டச் சாப்பிடுவாள். அவள் பெயருக்கு நேரே நாலு இலக்கம். அவளைப் பார்க்காமல் இருக்க அவன் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டான். போர்டைப் பார்க்காமல் இருக்க மட்டும் முடியவில்லை.

"என் வேலையோட அருமை உங்களுக்குத் தெரியலை. நேத்து மத்தியானம் எங்க மச்சான் கடலுக்குள்ள போயிட்டிருந்தாரு. செய்தி வந்ததும் படகைத் திருப்பிட்டாரு. எங்க அக்கா ஃபோன்ல அழுதா. என் எச்சரிக்கை இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்?"

காலையில் டீ குடிக்கும்போது ஆபீசுக்கே கேட்கிற மாதிரி இதைச் சொல்லியிருந்தான். எல்லோரும் கை குலுக்கினார்கள். செண்பகவல்லி, "ரொம்ப நல்லது அண்ணே" என்றாள். வயிறெரிஞ்சு சொல்றா என்று தவசி நினைத்துக்கொண்டான்.

"அவளோடது ஓடணும்னா நான் போறேன். அவ்வளவுதான்."

ரெஜினா தன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே நிறுத்துங்க."

தவசி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. செண்பகவல்லியின் புரோகிராமைத் தேடி எடுத்து, நிறுத்து என்பதை அழுத்தினான்.

நிச்சயமாக நிறுத்தவா என்று திரை கேட்டது.

"ஒரே ஒரு நிமிஷம். நிறுத்துறதுக்கு முன்னாடி சத்தமா வாசிங்க. அவ மேல இருக்குற கோவத்தோடயே வாசிங்க, பரவாயில்லை."

தவசி வாசித்தான். மொத்தம் இருபது வரி. மேலே தமிழிலேயே குறிப்பு எழுதியிருந்தாள்.

"தவசி அண்ணன் புரோகிராம் பாதியில் விட்ட செய்தியை எடு. மறுபடி அனுப்பு. போய்ச் சேருகிற வரைக்கும் அனுப்பு."

குரல் இறங்கிவிட்டது.

"பாதியில் விட்டதா? என்னோடது எதையும் விடாது."

"மூணு செகண்டுல போகலைன்னா விட்டுடச் சொல்லி எழுதினது யாரு?"

எழுதியது அவன்தான். மூன்று செகண்டுக்கு மேல் காத்திருந்தால் போர்டில் வேகம் இறங்கிவிடும். டவர் சரியாகக் கிடைக்காத ஃபோனுக்குச் செய்தி போக இருபது செகண்ட்கூட ஆகும். கடலுக்குள் போன படகில் டவர் எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது?

"எல்லாச் செய்தியும் முதல்ல உங்ககிட்டதான் வருது அண்ணே. நீங்க விட்டதுதான் அவளுக்குப் போகுது."

"அவ ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"மூணு தடவை வந்தா. வேலையா இருக்கேன், அப்புறம் வான்னு சொன்னீங்களாம்."

சொன்னான்தான். மூன்று தடவையும் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

ரெஜினா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். நேற்று செண்பகவல்லியின் புரோகிராம் கொண்டுபோய்ச் சேர்த்த ஆயிரத்து நூற்றாறு ஃபோன் நம்பர்கள்.

தவசி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது. மனப்பாடமாகத் தெரிந்த நம்பர். மத்தியானம் ஒன்று நாற்பது. தவசியின் புரோகிராம்: விட்டுவிட்டது. செண்பகவல்லியின் புரோகிராம்: ஒன்பதாவது முயற்சி, சேர்ந்தது.

"அது யாரு அண்ணே?"

தவசி அந்த நம்பரை விரலால் மறைத்துக்கொண்டான்.

ரெஜினா முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். நிச்சயமாக நிறுத்தவா என்று திரை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பதில் சொல்லுங்க. காத்துக்கிட்டு நிக்குதுல்ல."

தவசி வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு எழுந்தான். ஆபீசில் செண்பகவல்லி உட்காரும் மூலைக்கு அவன் போவது இதுதான் முதல் தடவை. அவள் முறுக்கைக் கடித்தபடி நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணே?"

"எங்க மச்சான் கரைக்கு வந்துட்டாரு" என்றான்.

"அதான் காலையிலேயே சொன்னீங்களே" என்றாள் அவள். முறுக்குப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.