ராஜாவின் முழங்கால் பத்து

மயிலங்குடியை ஆண்ட கோப்பண்ண ராஜா குதிரையிலிருந்து விழுந்தார். அடி சின்னது, அலறல் பெரியது. வைத்தியர் ஓடிவந்தார். துணியில் குங்கிலியப் பிசினைத் தடவி முழங்காலில் பத்துப் போட்டார்.

மறுநாள் சபைக்கு வந்தால் கூத்து! எல்லார் முழங்காலிலும் பத்து. ராஜா தும்மினால் சேர்ந்து தும்முகிற சபை அது, விழுந்தால் சும்மா இருக்குமா? விகடம் பேசிப் பிழைக்கிற அம்பலத்தான் முழங்கால் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா!" பிரதானி ஏகாம்பரம் குதித்தெழுந்தார். அம்பலத்தான் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க வெகுநாளாய்க் கண்வைத்திருந்தவர். "தங்கள் வலியில் இவனுக்குப் பங்கில்லையாம்!"

ராஜாவின் முகம் சிவந்தது. அதற்குள் வைத்தியர், பத்தை எடுத்துவிடலாம் என்பதைத் தம் தெலுங்கில், "பீக்கேயண்டி" என்றார். "கித்துபிடி" என்றார் கன்னடத் தளபதி. "காடா, காடா" என்றார் மராட்டியத் தூதர். "உரித்துவிடலாம் மகாராஜா" என்றார் பிரதானி.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "ஒரு துணியைப் பிய்க்க இத்தனை சொல்லா! டேய் அம்பலத்தான், எல்லா மொழிக்காரனுக்கும் பொதுவாய் ஒரே ஒரு சொல் சொல்லு. இல்லையென்றால் இன்றைக்கே ஊரைவிட்டுப் போ!"

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார்.

அம்பலத்தான் சபை முழுக்க வரிசையாய்க் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தான்.

"சொல்லிவிடலாம் அரசே. எல்லாரும் பத்தின் நுனியைப் பிடியுங்கள். நான் கை தட்டினதும் ஒரே இழுப்பு. தாங்களும்தான்."

தட்டினான். சர்ரென்று முடியோடு வந்தது பத்து.

"ஆ!"

தெலுங்கர் வாயிலும் அதுதான், கன்னடர் வாயிலும் அதுதான், மராட்டியர் வாயிலும் அதுதான். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் ராஜா.

"இதுதான் அரசே அந்தச் சொல். வாத்தியார் வைத்துப் படிக்கவும் வேண்டாம்."

ராஜா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். காதுக் கடுக்கனைக் கழற்றி நீட்டினார். "உன் இடம் உனக்குத்தான், போ!"

வாங்கிக்கொண்ட அம்பலத்தான் பிரதானி பக்கம் திரும்பினான். அவர் கையில் துணி தொங்கியது. முழங்காலில் ஒரு முடிகூடப் போகவில்லை. துணியில் பிசினே இல்லை, நாலு சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தது.

"எல்லாரும் பேசினார்கள். நம் பிரதானியாருக்கு மட்டும் அந்தச் சொல் வரவே இல்லையே, அரசே?"

ராஜா குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வைத்தியரே, பிசின் மிச்சம் இருக்கிறதா?"