தோற்றவளின் வேலை

"நான் தோத்துட்டேன் சிஸ்டர்."

மேசைக்கு முன்னால் நின்று ஆன்சி சொன்னாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடற்கரை ஊர் ஒன்றில், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம். ஆன்சி பன்னிரண்டாம் வகுப்பு. அன்று காலை நடந்த லீடர் தேர்தலில் ஜெனிபா அவளை ஜெயித்துவிட்டாள்.

தலைமையாசிரியை சிஸ்டர் எமரன்சியா அதிகம் பேசுகிறவர் அல்ல. திருத்திக்கொண்டிருந்த பேப்பரை நகர்த்தி வைத்தார்.

"அதுக்கு ஏன் அழுற?"

"கலர் டிரஸ் போட ஒரு நாள் வாங்கித் தர்றேன்னு அவ சொன்னா. பிள்ளைங்க அவளுக்கே ஓட்டுப் போட்டுட்டாங்க. நான் உருப்படியா ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன்."

"என்ன அது?"



"பாத்ரூம் சிஸ்டர்."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். அங்கே உள்ளே குழாய் இல்லை; ஒன்றைத் தவிர மற்றக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. தாழ்ப்பாள் இருந்த ஒரே அறையைப் பெரிய பிள்ளைகள் பிடித்து வைத்திருந்தார்கள். சின்னவள் யாராவது எட்டிப் பார்த்தால் விரட்டுவார்கள். போன வாரம் மாலை ஜெபத்தின்போது, டயானா என்ற சிறுமி நாக்கு வறண்டு சுருண்டு விழுந்தாள்.

"நானும் தாழ்ப்பாள் போடத்தான் செய்றேன்" என்றார் சிஸ்டர். "போடப் போட உடையுது. உடைக்கிறது யாருன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். ஆன்சியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்தான்.

"லீடர் ஆகியிருந்தா தட்டிக் கேட்டிருப்பேன் சிஸ்டர். இப்ப நான் சொன்னா யார் கேப்பாங்க?"

சிஸ்டர் மேசை டிராயரை இழுத்தார். ஒரு திருப்புளியை எடுத்தார். புதுத் தாழ்ப்பாள்கள் இருந்த பொட்டலத்தையும் எடுத்தார். இரண்டையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டார்.



ஆன்சி இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் கதவில் தாழ்ப்பாள் கோணலாக அமைந்தது. உள்ளங்கை கன்றிப்போனது. அடுத்தது பரவாயில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் பாத்ரூம் வாசலில் நின்றாள். தோழி ரோஷ்னி வந்தாள்.

"தள்ளுடி."

"சின்னப் பிள்ளைங்க முதல்ல போகட்டும்."

"ஓட்டுல தோத்தவளுக்குப் பாத்ரூம் வாட்ச்மேன் வேலையா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆன்சிக்கு முகம் எரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

மறுநாளே ஒரு தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடந்தது. ஆன்சி யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து திருகினாள். திரும்பவும் பிடுங்கினார்கள். திரும்பவும் திருகினாள்.

"எத்தனை நாளைக்குடி?" என்றாள் ரோஷ்னி.

"நீ பிடுங்குற வரைக்கும்."

வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குழாயடியிலிருந்து பாத்ரூமின் ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர் தூக்கிக் கொட்டிவிட்டு ஈரச் சுடிதாரோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அழுகை வந்த நாளும் உண்டு.

சின்னவர்கள் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு ஜோடியாக வந்தார்கள். அப்புறம் தனியாகவும் வந்தார்கள். பிடுங்குகிறவர்களுக்கும் அலுத்துப்போயிற்று போல. தாழ்ப்பாள்கள் கதவிலேயே நின்றன.

அந்தச் சமயத்தில்தான் ஜெனிபா வந்தாள்.

"வாளியைக் குடு ஆன்சி. நானும் தூக்குறேன்."

ஆன்சி வாளியைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்கு நடந்தாள்.

"ஜெனிபாவை அங்க வரக்கூடாதுன்னு சொல்லுங்க சிஸ்டர்."

"ஏன்?"

"லீடர் அவதான். நாளைக்கு எல்லாமே அவ செஞ்சதா ஆயிடும்."

"ஆகலாம்."

"சிரிப்பு வாங்கினது நான். கை கன்றினது எனக்கு. பேர் மட்டும் அவளுக்கா?"

சிஸ்டர் தலையை நிமிர்த்தினார்.

"நீ இங்க நிக்கிற. அங்க இப்ப தண்ணி ஊத்துறது யாரு?"

ஆன்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மாதா சிலை இருந்த கெபிக்குப் பக்கத்தில், குழாயடியிலிருந்து ஜெனிபா வந்துகொண்டிருந்தாள். வழக்கமில்லாத சுமை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, தண்ணீர் தளும்பிக் காலை நனைத்தது. டயானா ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். வரிசை ஒழுங்காக நின்றது. அதில் ஒருத்திகூட ஆன்சியைத் தேடவில்லை.

சுருக்கென்றது.

வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி பாட்டிலைத் திறந்து அண்ணாந்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. பாதியில் நிறுத்தவில்லை. பயந்து பயந்து குடிக்கவில்லை. முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஆன்சி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

 

"சிஸ்டர்."

"ம்."

"வாளி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வேணும்."