ஏழாம் மேடைக்கு ஆமை வரல

ஒரு ஊர்ல ஒரு கிடங்கு இருந்துச்சாம். கிடங்குன்னா என்னன்னு கேக்காத, நானே சொல்றேன். நாம போன்ல அமுக்கினா சோப்பு, சீப்பு, ஸ்கூல் பை எல்லாம் வீட்டுக்கு வருதில்ல, அதெல்லாம் வந்து அடையற பெரிய தகரக் கொட்டாய். ம் சொல்லு.

"ம்."

அந்தக் கிடங்குல இருநூறு ஆமை. நிஜ ஆமை இல்ல, இரும்பு ஆமை. தட்டையா, முட்டி உயரத்துக்கு இருக்கும். கிர்ர்ர்னு போய் அலமாரிக்கு அடியில நுழையும், டொக்குன்னு அந்த அலமாரியையே முதுகுல தூக்கிட்டு வரும். அங்க வரிசையா பன்னிரண்டு மேடை, மேடைக்கு ஒரு பொம்பளை. ஆமை வந்து நின்னதும் திரையில என்ன காட்டுதோ அத அலமாரியிலேர்ந்து எடுத்து டப்பாவுல போடணும். போட்டா டிங். ஒரு டிங்குக்கு ஒரு எண்ணிக்கை.

"டிங்."

நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். என் மேல போட்ட கால எடு.

அப்புறம், தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, சுவத்துல இருக்கிற பெரிய டிவியில பன்னிரண்டு பேர் பேரும் வரும். யாருக்கு டிங் கம்மியோ அவ பேரு சிவப்பாயிடும். மூணு நாள் தொடர்ந்து சிவப்பானா, நாலாம் நாள் காலையில கேட்ல கார்டு வெச்சா கதவு தொறக்காது. யாரும் திட்ட மாட்டாங்க, போன்னு சொல்லவும் மாட்டாங்க. கதவு தொறக்காது, அவ்வளவுதான்.

"ஏன்?"

ஏன்னு கேட்டா அந்தக் கதவு பதில் சொல்லுமா? கதையக் கேளு.

ஏழாவது மேடையில தமயந்தின்னு ஒருத்தி. ஆயுத பூஜை வந்துச்சு. எல்லாரும் மஞ்சள், குங்குமம் எடுத்துட்டு வந்தாங்க. அப்போ சூப்பர்வைசர் எழிலரசன் சார் சொன்னாரு, "ஆமை மூஞ்சில மட்டும் வெக்காதீங்க, அங்கதான் அதுக்குக் கண்ணு." சரின்னு தமயந்தி வெக்கல. ஆனா மேடைக்கு முன்னாடி தரையில ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு. டீக்கடையில காசு அனுப்ப ஒட்டியிருப்பாங்களே, கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமா, அதே மாதிரி. ஆமை அதுக்கு மேல வந்துதான் நிக்கும். அவ நெனச்சா, ஆமைக்கு இது வாசப்படி ஆச்சே, வாசப்படிய எப்படி வெறுமனே விடறது? மஞ்சள் தடவி நடுவுல பெரிசா ஒரு பொட்டு வெச்சா.

மறுநாள்லேர்ந்து பாரு, பத்து ஆமை வந்தா நாலுதான் நிக்குது. மத்ததெல்லாம் கிர்ர்ர்னு வருது, தேடுது, பீப் பீப்னு அழுதுட்டு அடுத்த மேடைக்குப் போயிடுது.

"பொட்டு வெச்சாளே, அதனாலதாம்மா."

உனக்குத் தெரியுது. அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியணுமே.

தமயந்தி முதல்ல எழிலரசன் சார்கிட்ட போனா. "சார், எனக்கு ஆமை வரல." அவரு கையில இருந்த டேப்லெட்டப் பாத்தாரு. "ஏழாம் மேடை பச்சையாத்தானே காட்டுது?" "பச்சை சரி சார், ஆமை எங்க?" "பச்சைன்னா வருதுன்னு அர்த்தம்மா." அன்னைக்குச் சாயங்காலம் சிவப்பு.

ரெண்டாம் நாள், உதவிக்குன்னு குடுத்திருந்த நம்பர அழுத்தினா. தமிழுக்கு ஒண்ண அழுத்துங்கன்னுச்சு. அழுத்தினா. அப்புறம் தமிழே வரல. இருபது நிமிஷம் பாட்டு. உங்க புகார் பதிவாயிடுச்சுன்னு ஒரு மெசேஜ், டிங். அந்த டிங் எண்ணிக்கையில சேராது. அன்னைக்கும் சிவப்பு.

மூணாம் நாள் பெங்களூர்லேர்ந்து இஞ்சினியர் வீடியோவுல வந்தாரு. எல்லா ஆமையையும் ஒரு தரம் அணைச்சுப் போடணும்னாரு. இருநூறு ஆமையும் அங்கங்க நின்ன இடத்துல தூங்கிடுச்சு, நீதான் தூங்க மாட்டேங்குற. முக்கா மணி நேரம் கழிச்சு எல்லாம் எழுந்துச்சு. கிர்ர்ர், பீப் பீப், திரும்பவும் அடுத்த மேடைக்கு. இஞ்சினியர் சொன்னாரு, "சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்ல." கேமரால முகத்தப் பாத்தாரு, திரையப் பாத்தாரு. தரையக் காட்டுங்கன்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரல.

மணி நாலு. நாளைக்குக் கதவு தொறக்காது. தமயந்தி அப்படியே தரையில குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா. உக்காந்தப்போதான் கண்ணுல பட்டுச்சு. மஞ்சளும் குங்குமமுமா கலஞ்சு, ஸ்டிக்கர்ல பாதிக் கட்டத்தக் காணோம்.

நானே வெச்சேன், நானே கும்பிட்டேன்.

மேல போட்டிருந்த கோட்டுக் கையால துடைச்சா. ஆமை வர ஆரம்பிச்சுது. வந்தா என்ன? மத்தவங்க முன்னூறுல இருக்காங்க, இவ நூத்தி இருபதுல. ரெண்டு மணி நேரத்துல எட்ட முடியுமா?

பக்கத்து ஆறாம் மேடையில ரெஜினா அக்கா. வாய் ஜாஸ்தி. "ஏண்டி, தரையில என்ன தேடற, உன் மூளையையா?" தமயந்தி அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னா.

ரெஜினா அக்கா எட்டி அந்த ஸ்டிக்கரப் பாத்தாங்க. அப்புறம், "மிச்சக் குங்குமம் இருக்கா?"

"உங்களுக்கு எதுக்குக்கா குங்குமம்?"

"என் நெத்திக்கா கேட்டேன்? குடுடி. ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

குனிஞ்சு, தன் மேடை ஸ்டிக்கர் மேல அழுத்தி ஒரு பொட்டு வெச்சாங்க. அக்காவுக்கு வர வேண்டிய ஆமையெல்லாம் பீப் பீப்னு கிளம்பி ஏழாம் மேடைக்கு வந்துச்சு. டிங், டிங், டிங். ஒரு பக்கம் அக்கா கைய கட்டிட்டு நிக்கறாங்க, இன்னொரு பக்கம் தமயந்திக்கு மூச்சு விட நேரமில்ல. ஆறு மணிக்கு டிவி எரிஞ்சுது. தமயந்தி முன்னூத்திப் பதினாலு, அக்கா முன்னூத்திப் பத்து. சிவப்புல ரெஜினா.

"அய்யோ பாவம் அக்கா."

என்ன பாவம்? அவங்களுக்கு அது முதல் சிவப்பு. மூணு தொடர்ந்தாத்தானே கதவு தொறக்காது? அன்னைக்கு பஸ்ல பன்னிரண்டு பேரும் பேசி முறை வெச்சுக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு ஒருத்தி. யாரு முறையோ அவ மேடைக்குப் பொட்டு. டிவிக்கு தினம் ஒரு சிவப்பு வேணும், கிடைச்சுது. ஒருத்திக்கே மூணு நாள் வரல. எழிலரசன் சார் தலையச் சொறிஞ்சாரு, "என்னம்மா, இந்த மாசம் ஒருத்தர்கூட வெளிய போகல?" "எல்லாரும் நல்லா வேலை செய்யறோம் சார்," அப்படின்னாங்க ரெஜினா அக்கா.

"மெஷினு கண்டுபுடிச்சுட்டா?"

தானா கத்துக்கிற மெஷினுன்னுதான் சொல்றாங்க. எனக்கும் அதான் பயம்... கண்டுபுடிக்கட்டும். அன்னைக்கு வேற யோசிப்பாங்க, பன்னிரண்டு பேர் இருக்காங்கல்ல.

"நாளைக்கு யாரு முறை?"

நாளைக்குத் தமயந்தி முறை. ஒரு நாள் மெதுவா கைய வீசலாம். ஆமையெல்லாம் சார்ஜ் ஏறப் போயாச்சு, கதையும் அதுங்க பின்னாலயே போயாச்சு. கண்ண மூடு.

"ம்."