காராயி சிவந்த கதை

நாற்பது விண்மீன்களைப் பெற்ற காராயியை மலடி என்றார்கள். அதுவும் யார் முன்னால்? அவள் பெற்ற பிள்ளைகளின் முன்னால்!

அந்தக் காலத்தில், வானத்தில் இருப்பவையெல்லாம் வாய் திறந்து பேசிய காலத்தில், நம் பால்வெளிக்கு அடுத்த அண்டத்தில் நடந்த அநியாயம் இது. காராயி ஒரு நெபுலா. தூசியும் வாயுவும் திரண்ட கரிய பெருமுகில். தன் உடம்பையே கிள்ளி, உருட்டி, இறுக்கிச் சூடேற்றித்தான் ஒவ்வொரு பிள்ளையையும் உண்டாக்கினாள். ஒன்று பிறக்க லட்சம் ஆண்டு.

ஆனால் அங்கே ஒரு வழக்கம். பிறந்த விண்மீன் தன் முதல் ஒளியை யார்மேல் போடுகிறதோ, அது அவர் பிள்ளை. அந்த ஒளியையோ, அண்டத்தின் நடுவே வீற்றிருந்த பொன்னப்பர் என்ற கிழட்டு விண்மீன்மேல்தான் போட வேண்டும்! பெற்றவள்? பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், இருட்டில். ஒரு சிட்டிகைத் தூசிகூடக் கொடுக்காத பெரியவருக்கு நாற்பது பிள்ளைகள். நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்?

நாற்பத்தொன்றாவது பிறக்கும் நாளில் காராயி சபையில் கேட்டேவிட்டாள்.

"ஐயா, இது ஒண்ணையாவது என் பிள்ளைன்னு சொல்லுங்க. இனிமே பெற என் உடம்பில தெம்பில்ல."

பொன்னப்பர் சிரித்தார். "நீ வெறும் மலட்டுப் புகை, காராயி. புகைக்கு எதுக்கும்மா பிள்ளை?"

அவருக்குக் கட்டியம் கூறும் வால்மீன் சும்மா இருக்குமா? "மூஞ்சி எந்தப் பக்கம்னே தெரியல, இதுல வாய் வேற!"

சபையே சிரித்தது. மூத்த பிள்ளைகள் நாற்பது பேரில் ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே? ஊஹூம்.

முகிலுக்குள் இருந்த கடைக்குட்டிக்கு எல்லாம் கேட்டது.

"பொண்ணு, கண்ணைத் திற! ஐயாவைப் பார்!" என்று வால்மீன் கூவியது.

கடைக்குட்டி கண்ணைத் திறந்தாள். திறந்த வேகத்தில் திரும்பிக்கொண்டாள். நீலமாய்ச் சுட்ட அந்த முதல் ஒளி முழுவதும் காராயிமேல் விழுந்தது. பட்ட இடமெல்லாம் செம்பருத்தியாய்ச் சிவந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அவள் ஒளிர்ந்தாள். எவ்வளவு பெரியவளைப் புகை என்றோம் என்று சபைக்கு அப்போதுதான் உறைத்தது.

"முறை தெரியாத கழுதை! யாரைப் பார்க்கிறே?" என்று பொன்னப்பர் அதட்டினார்.

அன்று தொடங்கித்தான், எந்த அண்டமானாலும் சரி, விண்மீன்களைப் பெறும் முகில் சிவந்து ஒளிர்கிறது. பிறக்கும் பிள்ளைகளும் கடைக்குட்டி அன்று சொன்ன பதிலையே சொல்லிக்கொண்டு பிறக்கிறார்கள்:

"பெத்தவளைப் பார்க்கிறேன். நீங்க யாரு?"