கனவில் பறந்த கூழைக்கடா

ஓர் ஏரியின் நடுவே, தண்ணீருக்குள் ஒரு கருவேல மரம் நின்றது. அதன் உச்சியில் இருந்த கூட்டில் நிலவன் என்ற இளம் கூழைக்கடாவும், அவனுக்கு ஒரு நாள் மூத்தவளான தூவியும் இருந்தார்கள். இருவருக்கும் இறகுகள் நன்றாக முளைத்திருந்தன.

விடிந்ததும் தூவி கிளையை இறுகப் பற்றிக்கொண்டு சிறகடிப்பாள். கிளை ஆடும், கூடும் ஆடும். நிலவனுக்கு அது தொந்தரவு. கூட்டில் படுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். தண்ணீருக்குள் மேகங்கள் மெல்லப் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் மேகம் நின்றுவிடும், கூடு நகரத் தொடங்கும். கண் செருகும். அப்போது அவன் பறப்பான். மலைகளைத் தாண்டுவான். பால் போன்ற மூடுபனிக்குள் புகுந்து வெளியே வருவான். சிறகு வலிக்காது, மூச்சும் வாங்காது.

“எழுந்து வாடா, சேர்ந்து சிறகடிக்கலாம்” என்பாள் தூவி.

“இப்போதுதான் மூன்று மலை தாண்டி வந்தேன் அக்கா. களைப்பாக இருக்கிறது” என்பான் நிலவன்.

இதைக் கரையில் இருந்த நரி ஒன்று கேட்டது.

“தம்பி, இன்று எந்த மலைக்குப் போனாய்? எனக்கும் சொல்லேன்” என்றது.

நிலவன் மகிழ்ந்துபோய்ச் சொன்னான். நரி தலையைச் சாய்த்துக் கேட்டது. அன்று முதல் தினமும் வந்தது. “இப்படிக் கனவு காண்கிறவன் ஏன் சிறகடித்துச் சிரமப்பட வேண்டும்?” என்றது. கோடை முற்ற முற்ற ஏரி சுருங்கியது. நரியின் குரல் நாளுக்கு நாள் பக்கத்தில் கேட்டது. நட்புதான் நெருங்கி வருகிறது என்று நிலவன் நினைத்தான்.

மீன் குறைந்ததும் ஏரியில் இருந்த கூழைக்கடாக் கூட்டம் தொலைவில் இருந்த ஆற்றுக்குக் கிளம்பியது. வளர்ந்த குஞ்சுகளுக்குத் தாய்ப் பறவைகள் இரை ஊட்டும் காலம் முடிந்திருந்தது. தூவியும் பறந்து போனாள். ஆனால் இன்னும் பறக்கத் தெரியாத தம்பியை விட மனம் வராமல், மாலைதோறும் அலகுப் பையில் ஒரு மீனோடு திரும்பி வந்தாள்.

ஒரு மாலை மீனைக் கொடுத்துவிட்டு அவள் கிளையில் சாய்ந்து நின்றாள்.

“நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டான் நிலவன்.

“தனியாக மீன் பிடிக்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. இது ஒன்றுதான் கிடைத்தது. நீ சாப்பிடு.”

அவளுடைய நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நிலவன் அதைப் பார்த்துவிட்டு மீனை அவள் பக்கம் தள்ளினான்.

மறுநாள் காலை அவன் கிளையைப் பற்றிக்கொண்டு சிறகை விரித்தான். நனைந்த கோணி போலக் கனத்தது. கொஞ்சம் அடித்ததுமே மூச்சு இரைத்தது.

“ஏன் தம்பி உடம்பை வருத்துகிறாய்? கீழே வா. சேறு மெத்தை மாதிரி இருக்கிறது. படுத்துக்கொண்டே கனவைச் சொல்லலாம்” என்றது நரி.

நிலவன் குனிந்து பார்த்தான். நரி மரத்தடியிலேயே நின்றது. அதன் வாயில் எச்சில் வடிந்தது.

“நீங்கள் காத்திருந்தது என் கனவுக்கா, எனக்கா?” என்று கேட்டான்.

நரி நாக்கால் வாயை நக்கிக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டது.

அதன் பிறகு நிலவன் காலையிலும் மாலையிலும் சிறகடித்தான். முதலில் தோள் எரிந்தது. அழுகை வந்தது. போகப் போக அந்த வலியே பிடித்துப்போனது. சில நேரம் கால்கள் கிளையை விட்டு லேசாக எழும்பின.

ஒரு மாலை தூவி வரவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகும் வரவில்லை.

நிலவன் கிளையிலிருந்து பாய்ந்தான். முதலில் விழத்தான் செய்தான். நரி துள்ளி எழுந்து அவன் வால் இறகைக் கவ்வியது. இறகு பிடுங்கிக்கொண்டு வந்தது. நிலவன் பலம் கொண்ட மட்டும் அடித்தான். காற்று அவன் சிறகுக்கு அடியில் வந்து நின்றது. வறண்டு வெடித்த ஏரி கீழே கீழே போய்ச் சிறிதானது. நரி ஒரு புள்ளியானது. தூவி தினமும் வந்து போன திசையிலேயே பறந்து அவன் ஆற்றை அடைந்தான்.

ஆற்றின் நடுவில், ஒரு மணல் திட்டில் தூவி கிடந்தாள். எழுந்து பறக்க அவளிடம் தெம்பில்லை.

“வந்துவிட்டாயா?” என்றாள்.

“வந்துவிட்டேன் அக்கா. நீ ஆழம் குறைந்த இடத்தில் நில். நான் மீன்களை உன் பக்கம் ஓட்டி வருகிறேன்.”

அவன் சிறகால் தண்ணீரை அறைந்துகொண்டே நீந்தினான். வெள்ளி வெள்ளியாக மீன்கள் கரையோரம் ஒதுங்கின. தூவி அலகை விரித்து அள்ளினாள். அவள் வயிறு நிறையும் வரை அவன் நிறுத்தவில்லை.

கனவு எவ்வளவு அழகாக இருந்தாலும், இளமையில் ஓடியாடிப் பழகிய உடம்புதான் நம்மையும் நம்மேல் அன்பு வைத்தவர்களையும் காப்பாற்றும்.