வாரேன் என்று சொல்லாத திரை

சத்தியம்! கடல்மேல் சத்தியம், கையில் இருக்கும் இந்தக் காப்பித் தம்ளர்மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நான் இனிமேல் மீன் தொடமாட்டேன். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் லேப்டாப்புகள் பேசும். மொத்தமாக ஒரே குரலில் இல்லை. விசிறி தனி, விசைப்பலகை தனி, நினைவகம் தனி, ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பிகள் இருப்பதுபோல. அதில் வாயாடி திரைதான். முகம் அதுதானே!

அப்போது ஓர் இயங்குதளம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, பென்குயின் படம் போட்டது. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதியபோது, லேப்டாப் தூங்குவதும் விழிப்பதும் நாசரேத்துக்காரர் செல்லையாவின் பங்குக்கு வந்தது.

செல்லையா வீட்டில் உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லித்தான் படியிறங்க வேண்டும். யாராவது "போறேன்" என்று மட்டும் சொன்னால், அவருடைய அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்து அனுப்புவார். அதே ஒழுங்கை செல்லையா இங்கேயும் போட்டுவிட்டார். தூங்கச் சொன்னதும் ஒவ்வொருவராக "போயிட்டு வாரேன்" சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். மூடியைத் திறந்ததும், வருவதாகச் சொன்னவர்களை மட்டும் எழுப்ப வேண்டும். சொல்லாமல் யார் போகப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு தீவு. பெயர் வேண்டாம். அரைமணியில் சுற்றி வந்துவிடலாம், சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்தில் நம்முடைய காலடித்தடத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. அங்கே தொம்மை என்று ஒருவர் கடல்மட்டம் அளக்கும் வேலையில் இருந்தார். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சோலார் பலகை, பென்குயின் போட்ட ஒரு லேப்டாப். மணிக்கொரு தரம் அளவெடுத்துக் கரைக்கு அனுப்ப வேண்டும். சோலார் பலகை சின்னது, அதனால் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே லேப்டாப் தூங்கியாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லூர்து படகில் அரிசியும் தண்ணீரும் கொண்டுவருவான். மற்ற நாளெல்லாம் தொம்மைக்குப் பேச்சுத்துணை அந்தத் திரை மட்டும்தான். சாப்பிட உட்கார்ந்தால் லேப்டாப்பை எதிரே திறந்துவைத்துக்கொள்வார்.

"இன்னைக்கும் கருவாடா அண்ணாச்சி?"

"நீயால திங்கப்போற?"

"நாத்தம் எனக்குல்லா அடிக்கி!" என்று விசிறி நடுவில் புகும்.

தொம்மையின் மனைவி பிரகாசி கரையில் இருந்தாள். இந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தொம்மை நாற்பது நாளாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். ஒரு நாளும் சேமித்துவைத்ததில்லை. சேமித்தால் அது கடிதம் ஆகிவிடுமாம், சேமிக்காதவரை வெறும் யோசனைதானாம். அந்த யோசனையை நினைவகம்தான் தூக்கத்திலும் நெஞ்சில் கட்டிக்கொண்டு காத்துவந்தது.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் கடிதம் முடிந்தது. அழிக்க ஒன்றுமில்லை. தொம்மை அனுப்பும் பட்டன்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தியவர் அப்படியே இருந்தார்.

"அனுப்புங்க அண்ணாச்சி," என்றது திரை.

"நாளைக்குப் பாப்போம். இப்பத் தூங்கு."

தூங்கு என்று சொன்னால் சொன்னதுதான். விசிறி "போயிட்டு வாரேன்" என்றது. நினைவகம் சொன்னது, விசைப்பலகை சொன்னது. கடைசி ஆள் திரை. அது கொஞ்சம் தயங்கிற்று.

"ஒண்ணு கேக்கட்டா? கோவிக்கக் கூடாது. வீட்டுல இருந்து கெளம்பும்போது மதினிட்ட போயிட்டு வாரேன்னு சொன்னியளா?"

தொம்மை மூடியில் கைவைத்தார். சொல்லாமல்தான் வந்திருந்தார். அன்றைக்கு அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போறேன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

"சொல்லலையோ?" என்றது திரை. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சரி, விடுங்க. போயிட்டு..." என்றது.

தொம்மை மூடியைப் படாரென்று அடித்துச் சாத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து அளவெடுக்கத் திறந்தார். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. விசைப்பலகை வந்துவிட்டது. திரை மட்டும் கறுப்பாக, உள்ளே பார்த்தவருக்கு அவர் முகத்தையே காட்டிக்கொண்டு இருந்தது.

"எங்கல அவன்?" என்றார் தொம்மை.

"நாங்க எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி. அவன்தான் வரல," என்றது விசிறி.

"கூப்பிடு."

"கூப்பிட முடியாது. அவன் வாரேன்னு சொல்லலியே. சொல்ல விட்டாத்தானே!"

தொம்மை மூடினார், திறந்தார். எல்லா விசைகளையும் தட்டினார். மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினார். திரையை விரலால் மெல்லத் தட்டி, "ஏல, கோவமா?" என்று கேட்டுப் பார்த்தார். அதற்கு யார் பதில் சொல்வது? வெளியே மூன்று நாளாக மேகம், சோலார் பலகையில் சத்து இல்லை.

"அண்ணாச்சி, கடுதாசி எங்கிட்டப் பத்திரமா இருக்கு," என்றது நினைவகம். "கரண்டு இருக்க வரைக்கும்தான். இன்னும் அரைமணி தாங்கும்."

விசைப்பலகை சொன்னது: "அம்பு அனுப்புத பட்டன்மேலதான் நிக்கி. நீங்க வச்ச எடத்துலயே. ஒரே ஒரு தட்டு தட்டுங்க, போயிரும்."

"பாக்காம எப்படிடா அனுப்ப? எழுத்துப்பிழை கெடந்தா?"

"மதினி என்ன வாத்திச்சியா, செவப்பு மையில சுழிக்கதுக்கு?" என்று விசிறி சிரித்தது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தட்டுங்க அண்ணாச்சி. நாங்க கொண்டுபோய்ச் சேத்துருதோம்," என்றது.

தொம்மை விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவள் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருந்தால்? அதுவரைக்கும், இன்னும் அனுப்பவில்லை என்ற ஒன்றாவது கையில் இருந்தது. அதுவும் போய்விட்டால் இந்தத் தீவில் என்ன மிச்சம்? அரைமணியில் இருபது நிமிஷம் இப்படியே போயிற்று.

கடைசியில் அவர் விரல் வேறு இடத்துக்குப் போனது. ஓரத்தில் இருந்த பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி!" என்றது நினைவகம். "வச்சிருக்கதெல்லாம் போயிரும்!"

அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

"எங்களையாவது சொல்லிட்டுப் போக விடுங்க, போயிட்..." என்று விசிறி சொல்லிக்கொண்டிருக்கும்போது பத்து ஆனது. எல்லாம் அணைந்தது.

மறுநாள் வெயில் அடித்ததும் மறுபடி போட்டபோது லேப்டாப் அழகாக எழுந்தது. திரை பளிச்சென்று வந்தது. விசிறி சுற்றியது. வாரேன் சொல்லாமல் போன குரல்கள் மட்டும் வரவில்லை. தொம்மை "ஏல" என்றார். சோறு வடித்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, "இன்னைக்கும் கருவாடுதான்," என்றார். கடிதம் இருந்த இடத்தில் வெள்ளைப் பக்கம் இருந்தது. நடந்ததையெல்லாம் லேப்டாப் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்துக் கடைசி வரி, "திரை: போயிட்டு" என்று நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நாலாம் நாள் படகு வந்தது. அரிசி மூட்டையை இறக்கியபடி லூர்து கேட்டான்.

"அண்ணாச்சி, கடுதாசி ஏதும் உண்டா? மதினி கேக்கச் சொன்னாவ. நடைக்கு நடை கரையில வந்து நிக்காவ."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஒரு நாளாவது மதினி எப்படி இருக்காவன்னு கேட்டியளா?"

தொம்மை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது. "கடுதாசி இல்லன்னு சொல்லு," என்றார். படகு போய்விட்டது.

அன்று சாயங்காலம் அந்த வெள்ளைப் பக்கத்தில் அவர் பிரகாசிக்கு எழுதவில்லை. அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்தும் முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதினார்: "மூடினேன், திறந்தேன், திரை எழவில்லை. என்ன செய்ய?" இதைச் சேமித்தார், அனுப்பவும் செய்தார். ஒருவர் இந்த வரியை மாற்று என்றார், ஒருவர் அந்த வரியை மாற்று என்றார், எங்கோ பனிநாட்டிலிருந்து ஒருவர், "எனக்கும் இப்படித்தான்" என்று மட்டும் எழுதினார். அதைத் தொம்மை நாலைந்து தரம் படித்தார். செல்லையாவும் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த இயங்குதளத்தில் ஒரு லேப்டாப்புக்கு நேர்ந்தது எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். அவர் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த அப்டேட்டில் உலகம் முழுக்கப் போய்விட்டது.

அன்று முதல்தான் லேப்டாப்புகள் பேசுவதில்லை. அன்று முதல்தான், தூங்கவைத்த லேப்டாப்பைத் திறந்தால் சில நேரம் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். நாமும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தனியாக, பத்துவரை எண்ணுகிறோம்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். லூர்துவின் படகில் எனக்கு இன்னும் ஓசிச் சவாரி இருக்கிறது, நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.